ஒத்தும் ரொங்கோவும்

என் தாத்தா ஒத்துக்காரர். 1950களில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தவர், சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் மேளக் குழுவில் சேர்ந்து, பார்வை மங்கும்வரை அந்த ஒரு வேலையைத்தான் செய்தார். ஒத்து பார்வைக்கு நாதஸ்வரத்தைப் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் கிடையாது. அடிப்பக்கத்தில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் அடக்கி, ஆதார சட்ஜத்தை மட்டும் இடைவிடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். திருவிழா நோட்டீசில் நாதஸ்வரக்காரர் பெயர் வரும், தவில்காரர் பெயர் வரும். ஒத்துக்காரர் பெயர் அச்சாகி நான் பார்த்ததில்லை. பிறகு மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது. தாத்தா தன் ஒத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவின் இசையைப் பற்றி எழுத வந்த இடத்தில் தாத்தாவை முன்னால் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்த இசையை நான் முதன்முதலாகக் கேட்டபோது என் காது பிடித்துக்கொண்டது மேலே ஓடிய மெட்டை அல்ல, அடியில் அசையாமல் நின்ற அந்த ஒற்றைச் சுரத்தைத்தான்.

எஸ்பிளனேடில் உள்ள கலை நூலகத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு குறுந்தட்டு கைக்குக் கிடைத்தது. அயர்லாந்தின் புகழ்பெற்ற 'சீஃப்டன்ஸ்' குழுவினர் 1996-இல் வெளியிட்ட 'சந்தியாகோ' அது. 1962-இல் டப்ளினில் பேடி மொலோனி தொடங்கிய அந்தக் குழு, ஐரிய மரபிசையை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன குழு. அவர்கள் தங்கள் நாட்டு மெட்டுகளை விட்டுவிட்டு ஏன் கலீசியாவில் உள்ள ஸ்பானியப் புனிதத்தலம் ஒன்றின் பெயரில் ஒரு தட்டு வெளியிட வேண்டும் என்ற கேள்வியோடுதான் அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன். வடகிழக்கு ரயில் பாதையில் பொங்கோல் போகும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். என் வலது கை, என்னை அறியாமல், மடியிலிருந்த பையின்மேல் தகிட தகிட என்று தட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டின் பெரும்பகுதியில் ஒலிப்பது கலீசியாவின் துருத்திக்குழல். அவர்கள் மொழியில் அதற்குக் 'கைத்தா' என்று பெயர். சிங்கப்பூரில் வளர்ந்த நமக்குப் பைப் இசை என்றவுடன் கூர்க்கா பிரிவின் இசைக்குழுவும், தேசிய தின அணிவகுப்பும், கட்டம்போட்ட ஸ்காட்லாந்துத் துணியும்தான் நினைவுக்கு வரும். ஆகவே துருத்திக்குழல் என்பது ஸ்காட்லாந்தின் தனிச்சொத்து என்றே நான் எண்ணியிருந்தேன். ஐரோப்பாவின் பல மூலைகளிலும், வட ஆப்பிரிக்காவிலும், மேற்காசியாவிலும் அது உண்டு. தென்னிந்தியாவிலேயே ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்துச் சுருதிக்காக மட்டும் ஊதும் கருவி இருந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரசர் பத்தாம் அல்போன்சோவின் அவையில், கலீசிய-போர்த்துகீசிய மொழியில் மாதா மேல் தொகுக்கப்பட்ட பாடல் சுவடியின் ஓவியங்களில் துருத்திக்குழல் ஊதுவோர் வண்ணத்தில் இருக்கிறார்கள்.

கைத்தாவை நேரில் பார்க்கும் வாய்ப்பு மிகவும் தாமதமாக, ஆனால் மிக அருகிலேயே கிடைத்தது. எங்கள் புளோக்கில் ஏழாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் கப்பல் பொறியாளர் கலீசியாவின் விகோ நகரத்துக்காரர். ஒரு சனிக்கிழமை மாலை கீழே வெற்றுத் தளத்தில் அவர் தன் கைத்தாவுக்குக் காற்றடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, கையிலிருந்த மளிகைப் பைகளோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் கேட்டதும் அவர் பகுதி பகுதியாகக் கழற்றிக் காட்டினார்.

காற்றுப் பைக்கு 'ஃபோல்' என்று பெயர். முன்பு ஆட்டுத்தோல், இப்போது பெரும்பாலும் காற்றுப் புகாத செயற்கைத் துணி. அதன்மேல் மெரூன் நிற வெல்வெட்டு உறையும் தங்கநிறக் குஞ்சமும். மெட்டு வாசிக்கும் குழல் 'புந்தெய்ரோ'. அது மேலே குறுகிக் கீழே விரியும் துளையுடையது. அதன் உச்சியில் இரட்டை நாணல் செருகப்பட்டிருக்கும். நம் நாதஸ்வரமும் அப்படித்தான்: விரிந்துகொண்டே போகும் துளை, உச்சியில் சீவாளி. தோளின்மேல் சாய்ந்து முதுகுப்பக்கம் நீளும் பெரிய குழல் 'ரொங்கோ'. அதன் உள்துளை ஒரே அளவானது, நாணலும் ஒற்றை நாக்கு. புந்தெய்ரோவின் சட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே அது ஒரே சுரத்தில் நின்று முழங்கும். விரல் துளை எதுவும் இல்லை. இணைப்பை இழுத்து நீட்டினால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். அவ்வளவுதான் அதற்குரிய வேலை. தாத்தாவின் ஒத்தை யாரோ இந்த மனிதரின் தோளில் சாய்த்துவைத்தது போல இருந்தது எனக்கு. ஒத்துக்காரர் கன்னத்தில் அடக்கிய மூச்சை இங்கே ஒரு பை அடக்கிக்கொள்கிறது.

அம்மாவையும் கீழே அழைத்துவந்தேன். அவர் நாணலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு தகடுகளுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கண் போன்ற இடைவெளி ஒரு பக்கம் சற்று அகன்றிருந்தது. "தம்பி, இங்க இருக்கிற ஈரத்துக்கு இது ஊதிப்போயிருக்கு. அரிசி டின்னுக்குள்ள ஒரு துணியில முடிஞ்சு வைங்க, மறுநாள் சரியாயிடும். எங்கப்பா அப்படித்தான் வைப்பாரு" என்றார். நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். தன் பாட்டியும் இதேபோல ஏதோ செய்வார் என்று அவர் வியந்து சிரித்தார். அம்மா சொன்னபடி செய்தும் பார்த்தார். ஓரளவு பயன் இருந்ததாகச் சொன்னார்.

இந்தக் கருவியை வைத்துக்கொண்டு வாசிக்கும் இசைக்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சின் பிரிட்டனி ஆகிய செல்டிக் நிலங்களின் இசைக்கும் என்ன உறவு என்பதில் நீண்ட காலமாக வாதம் நடந்துவருகிறது. அதில் எனக்குத் தெளிவான ஒரு பக்கம் உண்டு.

உறவு உண்டு என்போர் முதலில் காட்டுவது ஒரு தொன்மத்தை. பதினொன்றாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் தொகுக்கப்பட்ட, அந்நாட்டில் வந்து குடியேறியவர்களின் வரலாற்றைச் சொல்லும் பழைய நூல் ஒன்றில், பிரியோகான் என்பவன் ஸ்பெயினின் வடகரையில் ஓர் உயர்ந்த கோபுரம் எழுப்பியதாகவும், அவன் மகன் அதன் உச்சியிலிருந்து ஒரு குளிர்கால மாலையில் கடலுக்கு அப்பால் அயர்லாந்தைக் கண்டதாகவும், அந்த வழியில் வந்தவர்களே ஐரியர்களின் முன்னோர் என்றும் கதை வருகிறது. அ கொருன்யா நகரில் ரோமானியர் கட்டிய ஹெர்குலிஸ் கோபுரத்தையே அந்தக் கோபுரம் என்று மக்கள் நம்பினர். ஏறக்குறைய 55 மீட்டர் உயரமுள்ள அந்தக் கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது; 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எவ்வளவு தெளிவான நாளிலும் அங்கிருந்து அயர்லாந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் 1601-இல் கின்சேல் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற ஐரியத் தலைவர் ஹியூ ரோ ஓடோனல் உதவி கேட்டு ஸ்பெயினுக்குக் கப்பலேறியபோது, அ கொருன்யாவில் இறங்கி, பிரியோகானின் கோபுரத்தைக் காணச் சென்று, தன் முன்னோர் நிலத்தை மிதித்ததாக மகிழ்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஐரியர் பதிவுசெய்திருக்கிறார். தோற்று, நாடு இழந்து, அந்நியக் கரையில் நின்ற ஒருவருக்கு அந்தக் கதை கைகொடுத்திருக்கிறது. சில மாதங்களில், 1602-இலேயே, அவர் ஸ்பெயினில் இறந்தார்.

தொன்மத்தை ஒதுக்கினாலும் கடல்வழிப் போக்குவரத்துக்கு உறுதியான தடயங்கள் உண்டு. ஆங்கிலோ-சாக்சன் படையெடுப்பின் காலத்தில் பிரிட்டன் தீவிலிருந்து வெளியேறிய மக்களில் ஒரு பகுதியினர் பிரிட்டனிக்குப் போனதைப் போலவே, ஒரு பகுதியினர் கலீசியாவின் வடகரைக்கும் வந்து குடியேறினர். அவர்களுடைய பிஷப் மயிலோக், 572-இல் பிராகா நகரில் கூடிய திருச்சபைப் பேரவையின் ஆவணத்தில் கையொப்பமிட்டிருக்கிறார். 1970களின் இறுதியில் தொடங்கிய கலீசியக் குழுவான 'மிய்யாதொய்ரோ' தன் தொடக்ககாலத் தட்டு ஒன்றுக்கு அவர் பெயரைத்தான் சூட்டியது.

மறுப்போர் சொல்லும் காரணமும் வலுவானது. கலீசிய மொழி லத்தீனிலிருந்து பிறந்தது, போர்த்துகீசிய மொழியின் உடன்பிறப்பு. ரோமானியர் வருகைக்கு முன்பு அங்கே செல்டிக் மொழி பேசியவர்கள் இருந்தார்கள் என்பது இடப்பெயர்களிலும் கல்வெட்டுப் பெயர்களிலும் தெரிந்தாலும், அந்த மொழி மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. செல்டிக் நாடுகளின் கூட்டமைப்பான செல்டிக் லீக், செல்டிக் மொழி வழக்கில் இருந்த ஆறு நிலங்களை மட்டுமே ஏற்கிறது: அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரிட்டனி, கார்ன்வால், மான் தீவு. கலீசியாவுக்கும் அதன் கிழக்கே உள்ள அஸ்தூரியாசுக்கும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

மொழியை வைத்து அளப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். மொழி போனால் என்னென்ன போகும் என்பது இந்தத் தீவில் தமிழ் பேசிக் குழந்தை வளர்க்கும் எவருக்கும் தெரியும். ஆனால் இசைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பதே என் எண்ணம். 1971-இல் பிரிட்டனியின் லோரியான் துறைமுக நகரில் தொடங்கி இன்றும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கும் செல்டிக் விழா, கலீசியாவையும் அஸ்தூரியாசையும் வாசல் திறந்து ஏற்றுக்கொண்டது. 1978-இல் கலீசியாவின் ஒர்த்திகெய்ராவில் அதேபோன்ற விழா தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் பிராங்கோ இறந்திருந்தார்; கலீசிய மொழியைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஒதுக்கிவைத்திருந்த ஆட்சி அது. அந்த மக்கள் தங்களை ஸ்பெயின் சுற்றுலா விளம்பரத்தின் கிதாரும் காஸ்டனெட்டும் கொண்டு அடையாளப்படுத்த விரும்பாமல், மழையும் பாசியும் அட்லாண்டிக் கடலும் பகிர்ந்துகொண்ட வடக்கத்திய அண்டை வீட்டாரை நோக்கித் திரும்பினார்கள். சேர்ந்து வாசித்தார்கள். ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாசித்தவர்களுக்கிடையே உறவு இல்லை என்று பழைய ஓலையைக் காட்டிச் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

அப்படிச் சேர்ந்து வாசித்தவர்களில் முதன்மையானவர் கார்லோஸ் நூன்யெஸ். 1971-இல் விகோவில் பிறந்தவர். இளவயதிலேயே சீஃப்டன்ஸ் குழுவினரின் கண்ணில் பட்டு, 1990-இல் வெளிவந்த ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்தின் இசையில் அவர்களோடு வாசித்து, 'ஏழாவது சீஃப்டன்' என்று அழைக்கப்படும் அளவுக்கு அந்த வீட்டுப்பிள்ளை ஆனவர். 'சந்தியாகோ' தட்டின் உயிர்நாடி அவர்தான். அந்தத் தட்டு கலீசியாவில் தொடங்கி, அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்கள் போன வழியிலேயே கியூபாவுக்கும் மெக்சிகோவுக்கும் போகிறது. 1997-இல் உலக இசைக்கான கிராமி விருதும் பெற்றது. அதே 1996-இல் நூன்யெஸ் தன் முதல் தனித்தட்டை வெளியிட்டார். கலீசியக் கவிஞர் ரொசாலியா தெ காஸ்த்ரோவின் 'கறுப்பு நிழல்' கவிதையை லூஸ் கசால் அதில் பாடுகிறார். அந்த மெட்டு 'அலலா' என்ற பழைய நாட்டுப்பாடல் வகையிலிருந்து எழுந்தது. அலலா தாளக்கட்டு இல்லாத பாட்டு. வயலிலும் வீட்டிலும் தனிக்குரலில் இழுத்துப் பாடுவது. 'அலலா' என்ற பொருளற்ற அசைகளே அதற்குப் பெயராகிவிட்டன, நம் ஏலேலோவைப் போல. தாளம் இல்லாமல் குரல் மட்டும் நீளும் அந்த இடத்தில் நமக்குப் பழகிய விருத்தத்தின் சாயல் எனக்குக் கேட்கும்.

ரயிலில் என் கை தட்டிய தகிட தகிட, 'முய்ன்யெய்ரா' என்ற நடனத்தின் தாளம். 'முய்ன்யோ' என்றால் மாவரைக்கும் ஆலை. ஆற்றோரத்து நீராலைகளில் தானியத்தோடு காத்திருந்த மக்கள் அந்த நேரத்தைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் போக்கினார்கள் என்பதால் அந்தப் பெயர். மூன்று மூன்றாகப் பிரியும் இரண்டு அடிகள். நம் கணக்கில் திஸ்ர நடை. ஐரியர்களின் 'ஜிக்' நடனமும் அதே நடைதான். ஆகவே ஒரு முய்ன்யெய்ராவும் ஒரு ஜிக்கும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது போல இணைந்துவிடுகின்றன. ஆனால் கூர்ந்து கேட்டால் வேறுபாடு தெரியும். ஐரியர் அந்த மூன்றையும் உருட்டி ஓடவிடுவார்கள். கலீசியாவில் பெண்கள் தப்பட்டையைக் கையில் பிடித்து விரல் முட்டியால் அடித்துப் பாடும்போது முதல் அடியில் ஒரு கனம் விழும், பாதத்தை மண்ணில் ஊன்றுவதைப் போல. சிப்பி ஓடுகள் இரண்டை முதுகோடு முதுகு உரசித் தாளம் போடுவதும் உண்டு. சந்தியாகோ யாத்திரிகர்களின் அடையாளமான அதே சிப்பிதான்.

எனக்குப் பிடிக்காத ஒரு போக்கையும் சொல்லிவிடுகிறேன். 'செல்டிக்' என்ற பெயர் விற்பனைக்கு உதவத் தொடங்கிய பிறகு, சில தட்டுகளில் மின்விசைப்பலகையின் பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. ரொங்கோ இருக்க வேண்டிய இடத்தில் அந்த மூட்டம் இருக்கிறது. அஸ்தூரியாசின் எவியா தன் மின்னணுத் துருத்திக்குழலைக் கொண்டு 1998-இல் பெற்ற பெரும் வெற்றியை நான் இதில் சேர்க்கவில்லை; கருவியை ஆழமாக அறிந்தவரின் துணிச்சல் அது. ஆனால் சுருதிப்பெட்டி வந்த நாளில் ஒத்துக்கு நேர்ந்தது ரொங்கோவுக்கு நேரக்கூடாது என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. செய்வானே குடும்பத்தைப் போன்ற கைத்தா செய்யும் பட்டறைகள் அங்கே இன்றும் மரம் கடைந்துகொண்டிருக்கின்றன என்பதும், அந்தக் குடும்பத்தின் சுசானா செய்வானே உலகறிந்த கலைஞராக வாசிக்கிறார் என்பதும் ஆறுதல். நம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதும் அதே ஆறுதலைத்தான் அடைந்தேன்.

புலம்பெயர்ந்தோர் பற்றிய ஒரு செய்தி என்னை வெகுநாள் பிடித்து வைத்திருந்தது. கலீசியாவின் நாட்டுப்பண் முதன்முதலில் ஒலித்தது கலீசியாவில் அல்ல. 1907-இல், கியூபாவின் ஹவானாவில், பிழைப்புக்காகக் கடல் கடந்து போன மக்களின் நடுவில். எதுவார்தோ பொந்தால் எழுதிய அந்தப் பாட்டில் தங்கள் நிலத்தைப் 'பிரியோகானின் நாடு' என்றே அவர்கள் அழைக்கிறார்கள். ஊர் ஏக்கத்துக்கு அவர்களிடம் 'மொரின்யா' என்ற தனிச்சொல் உண்டு. பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரியர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டியிருக்காது. கலீசியாவும் அயர்லாந்தும் ஒருவர் இசையை ஒருவர் கேட்டவுடன் அடையாளம் கண்டுகொண்டதற்கு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய செல்டியர்களைவிட இந்த நூற்றைம்பது ஆண்டுக் கப்பல் பயணங்களே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். நாகப்பட்டினத்தில் ஏறியவரின் பேரன் இப்படி நினைப்பதில் வியப்பில்லை.

மெட்டுகள் எந்தக் கப்பலில் ஏறி எங்கே இறங்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மாலோ ஊரைப் பற்றிய ஒரு துள்ளல் மெட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இசைக்குழுக்கள் வழியாகச் சென்னைக்கு வந்து, முத்துசுவாமி தீட்சிதரின் காதில் விழுந்து, மதுரை மீனாட்சியின் மேல் சமஸ்கிருத சாகித்தியமாகச் சங்கராபரணத்தில் நின்றுவிட்டது. நோட்டுஸ்வரங்களில் ஒன்றான அந்த 'வந்தே மீனாக்ஷி'யைச் சமூக மன்றத்து இசை வகுப்பில் நானும் பாடியிருக்கிறேன், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே. ஏழாம் மாடி நண்பரிடம் அதைப் பாடிக் காட்டியபோது, மூன்றாவது வரிக்குள் அவர் புந்தெய்ரோவில் உடன் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு திட்டம் உருவாகியிருக்கிறது. என் சித்தப்பா மகன் நாதஸ்வரம் வாசிப்பவன். இருவரையும் சேர்த்து உட்காரவைத்தபோது சுருதி இடித்தது: நண்பரின் கைத்தா ஒரு கட்டை, தம்பியின் நாதஸ்வரம் இரண்டரைக்கு அருகில். இரண்டு கட்டைக்குரிய சிறிய கைத்தா ஒன்று விகோவில் அவர் தந்தையின் வீட்டில் இருக்கிறது. டிசம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவருவார். சீவாளியைச் சற்று வெளியே விட்டுத் தன் பக்கத்தை இறக்கிக்கொள்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் மேல்தட்டிலிருந்து தாத்தாவின் ஒத்தை இறக்கினோம். வேட்டி பழுப்பேறியிருந்தது, துளைகளில் தாத்தா வைத்த மெழுகு அப்படியே கல்லாக இருந்தது. தம்பி ஒரு புதிய சீவாளியைச் செருகி ஊதினான். முதல் இரண்டு முறை காற்று மட்டும் வந்தது. மூன்றாவது முறை சுரம் பிடித்தது. அம்மா சமையலறையில் குழாயை மூடிவிட்டு வாசற்படியில் வந்து நின்றார்.